ஐந்தொகை

படிப்புக் கட்டணம் ஒரு லட்சத்து அறுபது.
விடுதி, சாப்பாடு, சென்னையில் இருபது மாதம்: ஒன்று எழுபது.
கேமரா இல்லாமல் முடியாதாம்,
பழையது கிடைத்தாலும் முப்பத்தைந்து.
ரயில், பஸ், சில்லறை: பதினைந்து.
ஆக மூன்று லட்சத்து எண்பதாயிரம்.
வீணாய்ப்போன காப்பித் தாளின் முதுகில்
எழுதி வைத்திருக்கிறேன்.
முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் ஆதார் முகம்,
மை போதாமல் பாதி நெற்றியோடு.

தேவகோட்டை சப்-கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே
அப்பாவின் ஜெராக்ஸ் கடை. பக்கம் இரண்டு ரூபாய்.
திங்கட்கிழமை மனு நாள்.
சிவகங்கை பஸ் ஏறுமுன் இங்கேதான் நிற்பார்கள்:
பட்டாவில் பெயர் மாறியவர்,
பென்ஷன் பட்டியலில் போன வருஷமே செத்துப்போய்
நேரில் வந்து பத்து ரூபாய்க்குச் சில்லறை கேட்பவர்.
ஒரே வீட்டுக்கு நாற்பத்தேழு பங்காளிகள்,
அதில் பினாங்கிலிருந்து வந்தவருக்குத் தமிழ் படிக்க வராது.
பாகப்பிரிவினைப் பத்திரத்தை நான்தான் வாசித்தேன்.
அவருக்கு வந்தது இரண்டாங்கட்டில் ஓர் அறை,
அதிலும் ஆறில் ஒன்று.
கதவு யாருக்கு என்று கேட்டார்.
பத்திரத்தில் அது இல்லை.

கண்ணாடியில் கவிழ்க்கும் அந்த ஒரு நொடியில்
எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன்.
தாளைப் பார்க்காதே, எண்ணிக்கையைப் பார்
என்பார் அப்பா.

வங்கி மேலாளர் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நர்சிங் என்றால் யோசிக்கவே மாட்டேன் என்றார்.
பத்திரிகைப் படிப்புக்கு
முதல் சம்பளம் எவ்வளவு வரும்?
பதினெட்டாயிரம் என்றேன்.
நான் விசாரித்து வைத்திருந்தது பதினைந்து.
வட்டிக்கு வட்டி போட்டுக் கடல் தாண்டிய ஊரில் பிறந்தும்
மூவாயிரத்துக்கு மேல் ஒரு பொய் வரவில்லை எனக்கு.

சவரிமுத்து பகுதிநேர நிருபர்.
எங்கள் கடையில் நூற்று நாற்பது பாக்கி.
செய்தி வந்தால் எண்பது ரூபாய்,
படமும் வந்தால் நூற்றிருபது,
வராவிட்டால் பெட்ரோல் போனது போனதுதான்.
படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"படிச்சவங்க போன் போட்டு என்கிட்ட கேப்பாங்க.
நான் சொல்லுவேன்.
அவங்க எழுதுவாங்க."
பிறகு,
"இந்த நாலு பக்கத்தையும் கணக்குல சேத்துக்க, தாயி."

மாசியில் சித்தனேந்தல் பொன்னழகி வந்தாள்.
கண்மாய் மடை உடைந்து மூன்று வருஷம்,
கையில் பதினோரு மனுவின் ரசீதுகள்.
பதினொன்றுக்கும் காப்பி எடுத்தவள் நான்.
தேதிகளை வரிசைப்படுத்தினேன்,
தண்ணீர் ஓடிப்போன வயல்களை எண்ணினேன்,
போனில் தட்டிச் சவரிமுத்துவுக்கு அனுப்பினேன்.
ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது.
என் பெயர் இல்லை. அவர் பெயரும் இல்லை.
மறுவாரம் நாற்பது ரூபாயை மேஜையில் வைத்தார்,
பாதிப் பங்கு.
பாக்கி நூற்று நாற்பது அப்படியே நின்றது.

மூன்று எண்பதை நாற்பதால் வகுத்தேன்.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு செய்தி.
அது அசலுக்கு. வட்டி தனி.
அவ்வளவு நடக்குமா இந்தப் பக்கத்தில்?
மெஷினின் மீட்டரைக் குனிந்து பார்த்தேன்:
நான்கு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம் பக்கம்.
நடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
கூட்டலுக்குக் கீழே
இன்னும் கோடு போடவில்லை நான்.

இன்று பொன்னழகி மறுபடி வந்தாள்.
மடை உடைந்தபடிதான் கிடக்கிறதாம்.
மஞ்சள் பையிலிருந்து மடித்த பேப்பர் துண்டு எடுத்தாள்,
என் நான்கு வரி, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு.
பன்னிரண்டாவது மனுவோடு வைக்கப் பத்து காப்பி.
எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

"கொஞ்சம் பெருசாப் போடும்மா,
அதிகாரிகளுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது."

இருநூறு சதவீதம் வைத்தேன்.
எழுத்து ஓரங்களில் உடைந்து வந்தது.
படிக்க முடிந்தது.
எவ்வளவு ஆச்சு என்றாள்.
பெரிதாக்கினாலும்
பக்கம் இரண்டு ரூபாய்தான் என்றேன்.